கீன மரத்து நூல்

"உம்மா, மரத்துட உச்சியில ஈக்கிறவங்களுக்கு, கீழ நாங்க ஈக்கிறது தெரியுமா?"

றிஸ்னா இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. தலையில் பெரிய மஞ்சள் ஹெல்மட், இடுப்பையும் தொடைகளையும் சுற்றிப் பெல்ட். கழுத்தை முடிந்தவரை பின்னால் வளைத்துக் கீன மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது குரங்குகளையும் பறவைகளையும் பற்றித்தான். அவளுடைய உம்மா மஸீனா உக்குவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. மகளின் கேள்விக்கு எப்போதும் ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பாள். அன்றைக்கு இன்னொருவன் முந்திக்கொண்டான்.

கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்த கஜீபன்தான் பதில் சொன்னான். "தெரியாது பாப்பா. அதனாலதான் நாம ஏறிப் போயி சொல்லிட்டு வர்றோம்."

அன்று தாயும் மகளும் ஏறினார்கள். மஸீனா அபாயாவுக்குள் கணவனின் காற்சட்டையை மடித்துப் போட்டிருந்தாள். "டீச்சர் ஏறுனா மரத்துக்கே மரியாதை!" என்று கஜீபன் சத்தம் போட்டான். "முறிஞ்சா நீதான் பொறுப்பு," என்று பாதி வழியில் தொங்கிக்கொண்டே மஸீனா சொன்னாள். கஜீபனின் தங்கை தினுஷா இன்னொரு கயிற்றில் அவர்களுக்குப் பக்கத்திலேயே ஏறி வந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள் அண்ணனும் தங்கையும். காட்டை ஆராய வந்த ஒரு குழுவிடம் கயிற்றில் மரமேறப் பழகியவர்கள். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகும் பாதையில், ஏலக்காணி முடிந்து காடு தொடங்கும் இடத்தில், விரும்பி வருகிறவர்களை மரத்தின் உச்சிக்கு ஏற்றி இறக்குவது அவர்களுடைய தொழில். காணி ஷிஹாம் ஹாஜியாருடையது.

மேலே போனதும் காடு வேறொன்றாக இருந்தது. கீழே இருட்டும் ஈரமும். மேலே வெளிச்சம், காற்று, கீனப் பூவின் மணம். மண்ணே இல்லாத கிளையொன்றில் ஒரு தோட்டம் இருந்தது. பாசி, பாசிக்குள் அரிசிமணி அளவில் பூத்த ஓர்கிட், அதற்கப்பால் கூடைபோல விரிந்த ஒரு பன்னச்செடி. அந்தக் கூடைக்குள் உதிர்ந்த சருகு உக்கிக் கிடந்தது. கொஞ்சம் மழைநீர். நீரின் ஓரத்தில் நகத்தளவு தவளை ஒன்று.

"இவரு பொறந்ததுலேர்ந்து தரையப் பாத்ததில்ல," என்றாள் தினுஷா.

றிஸ்னா முகத்தை அருகே கொண்டுபோய், ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள். "கீழ நாங்க ஈக்கிறோம்."

மரமேறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏறி இறங்கியபின் பெரிய கயிற்றை மரத்தில் விடமாட்டார்கள். அதை உருவும்போதே அதன் வாலில் மெல்லிய நைலோன் நூலொன்றைக் கட்டி, உச்சிக் கிளைக்கு மேலால் இழுத்து, நூலின் இரண்டு நுனிகளையும் அடிவேரில் ஒன்றாக முடிந்து வைப்பார்கள். அடுத்து ஏறுகிறவர் அந்த நூலில் கயிற்றைக் கட்டி இழுத்தால் போதும். நூல் ஆளைத் தாங்காது. கயிற்றை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். நூல் இல்லாத மரத்துக்கு, நூல் கட்டிய குண்டுப்பையை மேலே எறிந்து எறிந்து கிளை பிடிக்க வேண்டும். கீன மரத்துக்கு முதன்முதல் நூல் போட அண்ணனும் தங்கையும் பட்ட பாட்டைத் தினுஷா சிரித்துச் சிரித்துச் சொல்வாள். வருகிறவருக்கு வழி வைத்துவிட்டுப் போவது என்று இதை எண்ணிப் பார்த்தால், மனிதர் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று மஸீனாவுக்குத் தோன்றும்.

கஜீபனுடைய நூல் செம்மஞ்சள் நிறம். புது நூல் வாங்கித் தரும்படி ஹாஜியாரைக் கேட்கக் கூச்சப்பட்டு, அறுந்த துண்டுகளை முடிச்சுப் போட்டு ஒட்டி ஒட்டியே வைத்திருந்தான்.

றிஸ்னாவுக்கு அடுத்த வருடம் இரத்தத்தில் நோய் வந்தது. கண்டி, பிறகு கொழும்பு, பிறகு மறுபடியும் கண்டி. முடி கொட்டியது. கஜீபன் ஒருநாள் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தச் செம்மஞ்சள் நூலில் ஒரு நீளமான துண்டைக் கொடுத்துவிட்டுப் போனான். "படுத்துக்கிட்டே முடிச்சுப் பழகு பாப்பா. வந்து எனக்குக் காட்டணும்." கட்டிலின் இரும்புக் கம்பியில் அவள் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்தாள். இரண்டு நூலை ஒன்றாக்கும் முடிச்சு அவளுக்கு மிகவும் பிடித்தது. உம்மாவுக்கும் காட்டிக் கொடுத்தாள். "இவர் அவரக் கட்டிப் புடிக்கிறார். பொறகு அவர் இவரக் கட்டிப் புடிக்கிறார். ரெண்டு பேரையும் இழுங்க உம்மா. பாத்தீங்களா, இழுக்க இழுக்கத்தான் இறுகிறாங்க."

மருந்து இனி வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியபின் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இன்னொரு முறை மேலே போகவேண்டும்.

ஷிஹாம் ஹாஜியார் மறுத்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. மறுக்கும்போது அவர் கண் கலங்கியது. "நாளைக்கி ஒண்டு நடந்தா அல்லாஹ்வுக்கு நான் என்ன சொல்லுவன், டீச்சர்?"

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் ஹாஜியார் கண்டிக்குப் போயிருந்தபோது தினுஷா தொலைபேசியில் அழைத்தாள். "இன்னைக்கு யாருமில்ல டீச்சர். பாப்பாவத் தூக்கிட்டு வாங்க." எழுந்து நிற்கவும் தெம்பில்லாத பிள்ளையைத் தன் மடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள் தினுஷா. கீழே கஜீபன் கப்பிகளில் கயிற்றைக் கொடுத்து, இருவருடைய பாரத்தையும் தன் உடம்பால் இழுத்தான். அவன் உள்ளங்கை இரண்டும் உரிந்து போயிருந்ததை மஸீனா பிறகுதான் பார்த்தாள். மேலே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. இலைகளுக்குள்ளிருந்து ஒருமுறை மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்ததும், "அவர் இன்னும் ஈக்கிறார் உம்மா, அதே எடத்துல," என்றாள் றிஸ்னா.

"இதுக்கு நான் என்ன செய்வேன் தினுஷா?"

"ஒண்ணும் வேணாம் டீச்சர். மொதலாளிக்கிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க."

அந்த மாதம் முடியுமுன் றிஸ்னா மௌத்தானாள்.

அவளுடைய உடுப்புகளையும் புத்தகங்களையும் வாப்பா அன்ஸாப் மதரஸாப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு மிளகு வியாபாரம். செம்மஞ்சள் நூலை மட்டும் சாக்குக் கட்டுகிற நூல் என்று நினைத்து மேசையிலேயே விட்டுவிட்டார். மஸீனா அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மகள் கடைசியாகப் போட்ட முடிச்சுகள் அதில் அப்படியே இருந்தன. கடைசி முடிச்சு பாதியில் நின்றிருந்தது. மஸீனா ஐந்து நேரமும் தொழுதாள். சுஜூதில் நெற்றி தரையில் பட்டது. மனம் எதிலும் படவில்லை. எழுந்து, பையைத் திறந்து, நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள்.

அடுத்த கார்த்திகை மழையில் மலை இறங்கியது.

லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். கஜீபன் தாயையும் தங்கையையும் அங்கே சேர்த்தான். தாய் ராசம்மாவுக்குக் கட்டிவைத்த பசுவின் நினைவு வந்தது. "ஐயோ, மாட்ட அவுத்து விடலையேப்பா. வாயில்லாச் சீவன்டா," என்றாள். அவன் ஓடினான். பசு பிழைத்துக் கீழே ரோட்டுக்கு வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தோடு கஜீபனும் மண்ணுக்குள் போனான். இராணுவம் வந்து தோண்டியது, ஊர் தோண்டியது. அவனைக் கண்டெடுக்க முடியவில்லை.

*

இந்த வருடம் மாத்தளைத் தேரும் நோன்பும் ஒன்றாகவே வந்தன. தேர் முடிந்த வாரத்துச் சனிக்கிழமை மஸீனா நோன்போடு பஸ் ஏறி ரத்தோட்டைக்கு வந்து, அங்கிருந்து அடுத்த பஸ்ஸில் மேலே போனாள். வழியெங்கும் பச்சை மலையில் சிவப்புக் கீறல்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் பழகியிருந்தார்கள்.

ஷிஹாம் ஹாஜியார் படலையடியில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நோன்போட இந்த ஏத்தமா டீச்சர்? இந்தச் செருப்போட?"

"நோன்பு வயித்துக்குத்தானே ஹாஜியார். காலுக்கு இல்லையே."

அவர் சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. "கொழும்பு ஆக்கள் திங்கக்கிழம வாறாங்க. மரமேத்திற வேலைய அவங்களுக்கே குடுத்திட்டன். அவங்கட கயிறு, அவங்கட ஆக்கள். பழைய நூலெல்லாம் கழட்டிப்போடணுமாம். நான் என்ன செய்ய? இவ்வளவு நாளா தினுஷா ஏறவே இல்ல, மரத்தடிக்கே வரல்ல."

ராசம்மாவும் தினுஷாவும் கராம்பு ஸ்டோருக்குப் பின்னாலுள்ள அறையொன்றில் இருந்தார்கள். ஹாஜியார் கொடுத்த அறை. தினுஷா அண்ணனுடைய பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ராசம்மா சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

"கயிறெல்லாம் வெளிய வந்திருக்கே?" என்றாள் மஸீனா.

"நாளைக்கு ஏறப் போறேன் டீச்சர். ஒரே ஒரு தடவ." தினுஷா தலை நிமிரவில்லை. "அண்ணன் கடைசியா போட்ட நூலு இன்னும் மரத்துல இருக்கு. மழைக்கு முந்தின நாளு அவன்தான் முடிஞ்சு வச்சான். 'அடுத்து நீ ஏறு, எனக்கு தோள்பட்ட வலிக்குது'ன்னான். அந்த நூலுலதான் ஏறுவேன். ஏறிட்டு நானே அத உருவி எடுத்துருவேன். கொழும்புக்காரங்க கையி அதுல படக்கூடாது."

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பொறகு குசினி வேல. வர்றவங்களுக்குச் சோறாக்கணும். மொதலாளி பேசிட்டாரு." கயிறு அவள் மடியில் நழுவியது. "அதுக்கப்புறம் மரமே எனக்கு வேணாம் டீச்சர். வேற எதுவும் வேணாம். இந்த ஒரு தடவ போதும்."

"கீழ யாரு நிக்கிறது?"

"மொதலாளி நிக்கிறேன்னிருக்காரு. அவரு நின்னா நான் மேல போறதுக்குள்ள அவரு தூங்கிருவாரு." வாயோரம் சற்று அசைந்தது. அதுவும் உடனே அடங்கியது.

"இண்டைக்கு மரத்தப் போய்ப் பாத்தியா?"

"இல்ல. மண்ணு சரிஞ்சதுலேர்ந்து போகல. இன்னைக்குப் பாத்தா நாளைக்கு வர மாட்டேன். எனக்கே தெரியும்." குரலைத் தாழ்த்தினாள். "அம்மாதான் விடியத்துல விடியத்துல போவுது. சூடம் கொளுத்தும். கண்ணு ரெண்டும் புகை மூடுன மாதிரி, தடவித் தடவிப் போவுது. வேணாம்னா கேக்குதா?"

உள்ளிருந்து ராசம்மாவின் குரல் வந்தது, சுவரோடு பேசுவதுபோல. "ஒடம்பு கெடச்சிருந்தா ஒரு குழி இருக்கும். குழி இருந்தா அங்க போவேன். அந்த மரத்துலதான் அவன் கை வச்சுக் கட்டுன முடிச்சு இருக்கு. வேற எங்கடி போவச் சொல்ற?"

தினுஷா கயிற்றை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். ஹாஜியார் ஹோர்ன் அடித்தார். லயத்துக்குப் பதிலாக வீடு தருவதாகச் சொன்ன இடத்தைப் பற்றி விசாரிக்க அவளை ரத்தோட்டைக்குக் கூட்டிப்போகிறார். படியிறங்கும்போது அவள் மஸீனாவின் காதருகே சொன்னாள். "போன மாசம் அம்மாகிட்ட வாய் தவறிச் சொல்லிப்புட்டேன் டீச்சர். 'மாட்ட அவுக்க அனுப்புனது நீதானே'ன்னு. அதுலேர்ந்து எங்கிட்ட ஒழுங்கா பேசல, ஒழுங்கா திங்கல. சொன்ன வார்த்தைய எப்புடி உருவி எடுக்கிறது, சொல்லுங்க."

ஜீப் போய்விட்டது. மஸீனா உள்ளே போய் ராசம்மாவின் பக்கத்தில் சற்றுநேரம் இருந்தாள். தன்னிடம் வந்து ஆறுதல் சொன்னவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்தாள். எல்லோரும் நல்லவர்கள். ஒரு சொல்லும் ஒட்டவில்லை. ராசம்மாவின் காலில் விலகிக் கிடந்த போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

"டீச்சரம்மா," என்றாள் ராசம்மா கண்ணைத் திறக்காமல். "ஒங்களுக்குப் போயி நிக்க பாப்பாவோட கபுறு இருக்கு, இல்லீங்களா?"

"இருக்கு."

"நல்லது," என்றாள் ராசம்மா. "நல்லது."

*

ஏலச்செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதை மஸீனாவுக்குப் பழகியதுதான். மரத்தைக் கண்டதும் முதலில் வேரைத்தான் பார்த்தாள். வெற்றிலை, வாடிய செவ்வந்தி, ஒரு தட்டைக் கல்லில் கருகிய சூடத்தின் கறை. அந்தக் கல்லை ராசம்மா முடிச்சுக்குக் கிட்டவே, மகனின் கைக்குக் கிட்டவே இருக்கட்டும் என்று, வேரோடு ஒட்டி வைத்திருந்தாள்.

முடிச்சிலிருந்து ஒரு நூல்தான் மேலே போனது.

இன்னொன்று விரல் நீளத்துக்கு நின்று, நுனியில் கறுப்புக் குமிழாக உருகியிருந்தது.

மஸீனா குனிந்து தொட்டாள். கெட்டியான சிறு மணி. காலையில் ஏற்றிய தீ நூலைத் தின்றிருக்கிறது. இழுத்துக் கட்டியிருந்த நூல் விடுபட்டுச் சுருங்கி மேலே துள்ளியிருக்கிறது. கண் தெரியாத தாய் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

அண்ணாந்து பார்த்தாள். ஒரு வீட்டுக் கூரை உயரத்துக்கு மேலே, மரத்தில் படர்ந்த கொடியொன்றில் செம்மஞ்சள் நுனி சிக்கி நின்றது. காற்று வந்து உச்சி அசைந்தபோது நுனி கொஞ்சம் ஏறியது. மறுபடியும் இறங்கவில்லை. கொடியை விட்டு நழுவினால் இனி அது எந்தக் கைக்கும் எட்டாது. வேரோடு நிற்கும் மற்ற நூலை யாராவது பிடித்து இழுத்தால், முழுவதும் உருவிக்கொண்டு காலடியில் வந்து விழும்.

நாளைக் காலையில் தினுஷா இங்கே வந்து நிற்பாள். இந்தக் கல்லைப் பார்ப்பாள். கறுத்த நுனியைப் பார்ப்பாள். மாட்டைச் சொன்ன அதே வாயால் இதையும் சொல்வாள். சொல்லாவிட்டாலும் தாயை அப்படிப் பார்ப்பாள். அந்த அறைக்குள் அவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

ஸ்டோரின் பின்பக்கத்தில் கராம்பு பறிக்கும் ஏணி சாய்ந்திருந்தது. ஒற்றை மூங்கில், இருபுறமும் கணுக்கட்டைகள். பறிக்கிறவர்கள் பெருவிரலை வைத்து ஏறுவது. மஸீனா அதைத் தோளில் தூக்க முயன்றாள். முடியவில்லை. ஒரு முனையைப் பிடித்து ஏலச்செடிகளுக்கு நோகாமல் இழுத்து வந்தாள். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தாள். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டியது.

ஏணியை மரத்தில் சாய்த்து, அடியைக் கல்லால் முட்டுக்கொடுத்தபிறகுதான் நினைத்தாள்: நுனியைப் பிடித்தாலும் அது வேரை எட்டாது. நூல் வேண்டும்.

கைப்பை ஏலச்செடியடியில் கிடந்தது. அதை அவள் திறக்காமலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விட்டுவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது. எலி கடித்தது என்று சொல்லலாம், குரங்கு இழுத்தது என்று சொல்லலாம். தினுஷாவும் இழந்தவள், நானும் இழந்தவள். ஒருத்தி இன்னொருத்திக்காக இருப்பதையும் இழக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஒருமுறை பாதை வரைக்கும் நடந்தாள். காற்று மறுபடியும் வந்தது. மேலே பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பார்த்தாள். நுனி இன்னும் கொடியில் இருந்தது.

உரிந்த இரண்டு உள்ளங்கைகள் அவள் கண்முன் வந்தன. கஜீபன் அதை அன்றைக்கு யாருக்கும் காட்டவில்லை. துவாயால் சுற்றிக்கொண்டு, "பாப்பா, அடுத்த தடவ நீ என்னைய இழுக்கணும்," என்றுதான் சொன்னான்.

திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் திறந்தாள்.

முடிச்சுகளோடு நூலை முழம் போட்டு, வேரிலிருந்து நுனிவரைக்கும் ஏணிக் கணுக்களை எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தாள். எட்டாது. முதல் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாக இறுகிக் கிடந்தது, விரல் போகவில்லை. பல்லால் பிடிக்கப் போனவள் நோன்பு நினைவு வந்து நிறுத்தினாள். தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அதன் முனையால் இளக்கினாள். அது அவிழ்ந்ததும் நூலில் ஒரு வளைவு மட்டும் மிஞ்சியது. அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றும் கட்டிலின் இரும்புக் கம்பியில் எந்த நாள் போட்டது என்று அவளுக்குத் தெரியும். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதியில் நின்ற கடைசி முடிச்சை மட்டும் விட்டுவைத்து மறுபடியும் அளந்தாள்.

ஒரு சாண் குறைந்தது.

"யா அல்லாஹ்," என்றாள். மகள் போனபின் ஒன்றை வேண்டி அவள் சொன்ன முதல் யா அல்லாஹ் அதுதான். அதற்குமேல் கேட்க அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதி முடிச்சு ஊசியில்லாமலே, இழுத்ததும் கழன்றுவிட்டது.

நூலைத் தோளில் போட்டுக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி ஏணியில் கால் வைத்தாள். கணுக்கட்டை ஒவ்வொன்றும் பாதத்தைக் குத்தியது. ஏறுவதற்கு அவளுக்கு எப்போதும் பயம். அன்றைக்குப் பெல்ட் இருந்தது, பக்கத்தில் தினுஷா இருந்தாள், கீழே பிடித்துக்கொள்ள ஒருவன் இருந்தான். இன்றைக்கு மூங்கில் மட்டும். உச்சிக் கணுவில் நின்று ஒரு கையால் கொடியைப் பற்றி, மறுகையை நீட்டினாள். விரல் நுனி பட்டது, வழுக்கியது. இன்னும் கொஞ்சம் எம்பினாள். ஏணி ஒருமுறை பக்கவாட்டில் அசைந்து நின்றது. நூல் கைக்குள் வந்தது.

கொடியோடு நெஞ்சைச் சாய்த்து, மூச்சு அடங்கும்வரை அப்படியே இருந்தாள். பாசி கன்னத்தில் குளிர்ந்தது. பிறகு உருகிய குமிழைத் தள்ளிவிட்டு, இரண்டு நூல்களையும் எதிரெதிராக வைத்தாள். இவர் அவரைக் கட்டிப் பிடிக்கிறார். பிறகு அவர் இவரை. இரண்டு பேரையும் இழுத்தாள். மகள் சொன்னதுபோல இழுக்க இழுக்க இறுகியது. தன் பாரத்தில் பாதியைக் கொடுத்துத் தொங்கிப் பார்த்தாள். கயிற்றை மேலே கொண்டுபோக இது தாராளம்.

கீழே இறங்கி, மறு நுனியை வேரடியில் கஜீபனின் முடிச்சிலிருந்து நின்ற துண்டோடு அதே முடிச்சால் சேர்த்தாள். அவனுடைய முடிச்சில் கை வைக்கவில்லை. ஒட்டு முடிச்சுகள் அவன் நூலில் முன்பும் இருந்தன. இதுவும் அவன் போட்டதாகவே இருக்கும். இது பொய்யா என்று அவள் மனம் கேட்டது. பொய்யாக இருந்தால் அதற்குரிய கேள்விக்கு நாளை மறுமையில் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டாள்.

கருகிய மணியைக் கிள்ளி எடுத்து மண்ணில் புதைத்தாள். தட்டைக் கல்லைத் தூக்கி, வேரின் அடுத்த பக்கத்தில், நூலுக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். ராசம்மா வைத்திருந்ததுபோலவே வெற்றிலையை, பூவை. கல் ஆடாமலிருக்க அடியில் ஒரு சில்லைச் செருகினாள். கண் தெரியாதவள் தடவி வருவாள் என்று, அங்கே கிடந்த முள்ளை எடுத்து அப்பால் போட்டாள்.

மேலே ஏதோ ஒன்று ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது. பறவையோ தவளையோ அவளுக்குத் தெரியவில்லை. அண்ணாந்து, இலைகளுக்குள் போய் மறையும் இரண்டு செம்மஞ்சள் கோடுகளையும் பார்த்தாள். எது எவருடைய நூல் என்று இங்கிருந்து பார்க்கத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் போட்டபோது கை தானாகவே உள்ளே போனது. பேரீச்சம்பழப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் தட்டுப்பட்டன. வேறொன்றும் இல்லை. கையை அங்கேயே சற்றுநேரம் வைத்திருந்தாள்.

ஏணியை மறுபடியும் ஏலச்செடிகளுக்கு நோகாமல் இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் வந்தாள். அறைக்குள் ராசம்மா அயர்ந்திருந்தாள். ஜீப் இன்னும் வரவில்லை. மூங்கிலின் அடி வருடக்கணக்காக நின்று நின்று தரையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதே பள்ளத்தில் அடியைப் பொருத்தி, முன்பிருந்ததுபோலவே சாய்த்து வைத்துவிட்டு, இழுத்து வந்த தடத்தைக் காலால் மெல்ல அழித்துக்கொண்டே மஸீனா ரோட்டுக்கு இறங்கினாள்.